கர்த்தருக்குக் காத்திருத்தல்: நம் பக்கத்து சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, பெருந்துறை, கோபி, திருப்பூர் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் உண்மையான கேள்விகள் எல்லாம் ஜெபம் முடிந்து டீ கொடுக்கும் நேரத்தில்தான் வரும். ஜெபக்குறிப்பு கேட்கும்போது "பையன் வேலைக்காக ஜெபிச்சுக்கங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டவர், கிளம்பும்போது வாசல்படியில் நின்று, "இன்னும் எவ்வளவு நாளைக்குங்க?" என்று கேட்பார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் எடுக்கிறவள் என்ற முறையில் திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளையும், அவற்றுக்கு வேதத்தை வைத்து நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வசனங்கள் நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

கர்த்தருக்குக் காத்திருப்பது என்றால் என்னங்க? ஜெபம் செய்துவிட்டு சும்மா உட்கார்ந்திருப்பதா?

இல்லை. யாக்கோபு தன் நிருபத்தில் இதற்கு ஒரு விவசாயியைத்தான் காட்டுகிறார். பயிரிடுகிறவன் "முன்மாரியும் பின்மாரியும் வருமளவும், நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான்" என்கிறார் (யாக்கோபு 5:7). இஸ்ரவேல் நாட்டில் முன்மாரி நம் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வரும். பின்மாரி பங்குனிப் பக்கம். முதல் மழையில் விதைத்தவன் கதிர் முற்ற அடுத்த மழை வரைக்கும் பார்த்திருக்க வேண்டும்.

நமக்கு இது மஞ்சளில் நன்றாகப் புரியும். வைகாசி, ஆனியில் விதைமஞ்சள் ஊன்றினால் வெட்டுவது தை, மாசியில். நடுவில் எட்டு ஒன்பது மாதம். கிழங்கு மண்ணுக்கடியில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க யாரும் தினமும் தோண்டிப் பார்ப்பதில்லை. அதற்காகத் தோட்டக்காரர் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டும் இருப்பதில்லை. களை எடுக்கிறார், மண் அணைக்கிறார், முறைத் தண்ணீர் பாய்ச்சுகிறார், இலை கருகுகிறதா, கிழங்கு அழுகுகிறதா என்று வரப்பில் நடந்து பார்க்கிறார். தாள் மஞ்சளாகிக் காய்ந்து சாய்ந்த பிறகுதான் வெட்டு. அதற்கப்புறமும் வேகவைக்க வேண்டும், களத்தில் உலர்த்த வேண்டும், பாலிஷ் போட வேண்டும், விரலியையும் கிழங்கையும் பிரித்து மண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். இத்தனையும் செய்கிறவரிடம் "மஞ்சளை விளைய வைத்தது நீங்களா?" என்று கேட்டால் "நாம எங்கீங்க, அவன் கொடுத்தது" என்பார்.

கர்த்தருக்குக் காத்திருப்பவரும் இப்படித்தான் வாழ்கிறார். விளைச்சல் தன் கையில் இல்லை என்று அவருக்குத் தெரியும். கொடுக்கிறவர் நல்லவர் என்றும் தெரியும். அதனால் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறார்.

எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்? வேதத்தில் ஏதாவது கணக்கு இருக்கிறதா?

ஆளாளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. இருபத்தைந்து வருடம். யோசேப்பைக் கூடப் பிறந்தவர்களே விற்றபோது அவனுக்கு 17 வயது. பார்வோனுக்கு முன்னால் நின்றபோது 30. அந்தப் பதின்மூன்று வருடத்தில் எனக்கு அதிகம் வலிப்பது கடைசி இரண்டு வருடம்தான். சிறைச்சாலையில் பானபாத்திரக்காரனின் கனவுக்கு அர்த்தம் சொல்லி, "வெளியே போனதும் என்னை நினைத்துக்கொள்" என்று யோசேப்பு கேட்டுக்கொண்டான். அவன் விடுதலையாகிப் போனான், மறந்துவிட்டான். இரண்டு முழு வருடம். நாளைக்கு ஆள் வரும், நாளைக்கு ஆள் வரும் என்று அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே யோசேப்பு எத்தனை காலை விழித்திருப்பான்! தாவீது ஆடு மேய்க்கும் பையனாக அபிஷேகம் பெற்றான், ராஜாவானபோது வயது 30. பெதஸ்தா குளத்தருகே கிடந்தவன் 38 வருடம் வியாதியாயிருந்தவன்.

இவர்களில் யாருக்கும் தொடக்கத்திலேயே தேதி சொல்லப்படவில்லை. "அடுத்த வருடம் இதே காலத்தில்" என்ற பேச்சு ஆபிரகாமுக்கு வந்தது 99-ஆம் வயதில். அதுவரை அவருக்குக் கிடைத்தது வாக்கு மட்டும்தான். ஆகவே, நீங்கள் ஏழு வருடம் காத்திருப்பதைப் பார்த்து "இது ரொம்ப அதிகம், ஏதோ தப்பு இருக்கிறது" என்று யாராவது சொன்னால் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். காலத்தின் நீளத்தை வைத்து கர்த்தருடைய மனதை அளக்க வேதம் இடம் கொடுப்பதில்லை.

ஒரு ஊழியர் "மூன்று மாதத்தில் நடக்கும்" என்று தீர்க்கதரிசனம் சொன்னார். வருடம் ஒன்றாகிவிட்டது. எங்கள் விசுவாசம் குறைவா?

உங்கள் விசுவாசத்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் எரேமியா 28-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பாபிலோன் ராஜா எருசலேமிலிருந்து ஒரு கூட்டத்தைச் சிறைபிடித்துப் போயிருந்த காலம். அனனியா என்ற தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் நின்று, இரண்டு வருடத்துக்குள் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்றான். ஜனங்களுக்கு எவ்வளவு இனிப்பான வார்த்தை! எரேமியாவும் முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொன்னார். அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் கர்த்தர் சொன்னது எழுபது வருடம். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்துக் காட்டினான். கைதட்டல் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடமே, ஏழாம் மாதத்தில், அனனியா செத்துப்போனான்.

அடுத்த அதிகாரத்தில் எரேமியா பாபிலோனில் இருப்பவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அதின் கனியைச் சாப்பிடுங்கள், பெண் கொடுங்கள், பெண் எடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். புது வருட ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாக நம் கையில் அடிக்கடி கிடைக்கும் எரேமியா 29:11 இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்ற அந்த வசனத்துக்கு முந்தின வசனம் எழுபது வருடத்தைச் சொல்கிறது. அட்டையில் அதற்கு இடம் இருப்பதில்லை. அந்த அட்டையைப் பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கும் எல்லோரும் ஒரு தடவையாவது அதிகாரம் முழுவதையும் வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சொன்னது நடக்காவிட்டால் கர்த்தர் அதைச் சொல்லவில்லை, அவனுக்கு நீ பயப்பட வேண்டாம் என்று உபாகமம் 18:22 தெளிவாகச் சொல்கிறது. தேதி சொன்னவர்தான் பதில் சொல்ல வேண்டும். கேட்டு நம்பிய நீங்கள் குற்றவாளி இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "இவ்வளவு காணிக்கை விதைத்தால் சீக்கிரம் அறுப்பாய்" என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தேவனுடைய வரத்தைப் பணத்தினாலே சம்பாதிக்கலாம் என்று நினைத்த சீமோனைப் பேதுரு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று அப்போஸ்தலர் 8-இல் இருக்கிறது. பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசை இப்படி இழந்தவர்களைத் தெரியும். எனக்கு அதில் தீராத கோபம் உண்டு.

விசுவாசித்துக் காத்திருக்கும்போது டாக்டரிடம் போகலாமா? மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசமா?

போங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தரே பதினைந்து வருட ஆயுள் கூட்டிக்கொடுத்தார். அந்த வாக்கு கையில் இருக்கும்போதே ஏசாயா, "அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடுங்கள்" என்றார் (ஏசாயா 38). பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு ஜெபம் மட்டும் சொல்லாமல் வைத்தியமும் சொன்னார். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். நம் பக்கத்தில் மிஷனெரிகள் ஆலயம் கட்டின கையோடு ஆஸ்பத்திரியும் கட்டினார்கள்.

சர்க்கரை, பிரஷர், வலிப்பு, மனநல மருந்துகளை "கர்த்தர் சுகம் கொடுத்துவிட்டார்" என்று தாமாக நிறுத்துவது ஆபத்து. சுகம் உண்மையானால் டாக்டரின் பரிசோதனையிலும் அது தெரியும். அவர் குறைக்கட்டும்.

கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. அன்னாளைப் போல ஜெபித்தால் கிடைக்குமா?

அன்னாளின் கதையை நாம் சாமுவேல் பிறந்ததோடு சேர்த்தே சொல்கிறோம். நான் அதில் நின்று பார்க்கும் இடம் வேறு. வருடாவருடம் சீலோவுக்குப் போகும்போதெல்லாம் சக்களத்தி அவளை நோகடிப்பாள். அவள் அழுவாள், சாப்பிட மாட்டாள். ஒருநாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். ஆலயத்திலேயே தன் துக்கத்தைப் புரிந்துகொள்ள ஆள் இல்லாத நிலை! அவள் தன் இருதயத்தை ஊற்றிவிட்டு வெளியே வருகிறாள். வசனம் சொல்கிறது: "போஜனஞ்செய்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" (1 சாமுவேல் 1:18). அப்போது அவள் கர்ப்பமாகவில்லை. கையில் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். அவள் அன்றைக்குச் சாப்பிட்டதை நான் சாமுவேல் பிறந்ததற்குக் குறையாத அற்புதமாகவே எண்ணுகிறேன்.

அன்னாளைப் போல ஜெபிக்கிற எல்லோருக்கும் குழந்தை என்று வேதம் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்ததாகச் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. ஜெபியுங்கள், பரிசோதனைக்குப் போங்கள், இரண்டு பேரும் போங்கள். மருமகளை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விட்டுவிட்டு மகனுக்கு ஒரு டெஸ்ட்டுக்குக்கூட ஒத்துக்கொள்ளாத குடும்பங்கள் விசுவாசக் குடும்பங்களிலும் உண்டு. அது நியாயமே இல்லை. சட்டப்படி தத்தெடுப்பதும் கர்த்தர் காட்டும் வழியாக இருக்கலாம். அதை "நம்பிக்கை போய்விட்டது" என்று யாரும் பேச வேண்டாம்.

சபையாருக்கு ஒரு வார்த்தை: வளைகாப்புக்கும் தொட்டில் சீருக்கும் இவர்களை அழைக்காமல் விடாதீர்கள். வர முடியவில்லை என்றால் வற்புறுத்தவும் செய்யாதீர்கள்.

மகளுக்கு முப்பத்திரண்டு வயது. வருகிற வரன் எல்லாம் தட்டிப்போகிறது. கர்த்தருடைய நேரம் இன்னும் வரவில்லையா?

முதலில் மகளைக் கேளுங்கள், அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று. அவள் மனதில் வேறு விஷயம் இருக்கலாம்.

அப்புறம் ஒரு கசப்பான விஷயம். சில வரன்கள் தட்டிப்போவதற்குக் காரணம் தெரிந்ததுதான். பையன் விசுவாசி, நல்ல பழக்கம், வேலையும் இருக்கிறது; ஆனால் "நம்ம ஆளுங்க இல்லை". இல்லையென்றால் பவுன் கணக்கில் இழுபறி. ஞானஸ்நானம் எடுத்த பிறகும் சாதியைக் கேட்டுக்கொண்டு, கதவை நாமே சாத்திவிட்டு, "கர்த்தர் இன்னும் திறக்கவில்லை" என்று ஜெபக்குறிப்பு கொடுக்கக் கூடாது. ஆபிரகாமின் ஊழியக்காரன் ஈசாக்குக்குப் பெண் தேடிப் போனபோது கிணற்றடியில் ஜெபித்தான். ஆனால் அதற்கு முன்னால் பத்து ஒட்டகங்களோடு அவ்வளவு தூரம் பயணம் செய்திருந்தான். ரெபெக்காள் வந்தபோது அவள் தண்ணீர் மொண்டு வார்ப்பதைப் பேசாமல் கவனித்துப் பார்த்தான், குடும்பத்தோடு பேசினான், கடைசியில் பெண்ணையே கூப்பிட்டுச் சம்மதம் கேட்டார்கள் (ஆதியாகமம் 24).

தாமதம் எல்லாமே கர்த்தருடைய சித்தமா? மனு கொடுப்பதும் போராடுவதும் காத்திருப்புக்கு விரோதமா?

மனிதர் செய்யும் தாமதத்துக்குக் கர்த்தருடைய பெயரை வைக்கக் கூடாது. அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தை நம் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. பவானி ஆற்றின் உபரி நீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வறண்ட குளங்களுக்குக் கொண்டுவரும் திட்டம். அறுபது வருடத்துக்கு மேலாக அது கோரிக்கையாகவே இருந்தது. உண்ணாவிரதம், ஊர்வலம், மனு என்று அப்பா தொடங்கியதை மகன் தொடர்ந்தான். 2024 ஆகஸ்ட் 17-இல் அது தொடங்கிவைக்கப்பட்டது. 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் என்றார்கள். அத்தனை வருடம் தண்ணீர் வராததற்குக் காரணம் அரசுகளின் தாமதம். ஜெபித்தவர்களில் பலர் மனுவிலும் கையெழுத்துப் போட்டவர்கள்தான். இரண்டுக்கும் சண்டை இல்லை.

இயேசு சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்குச் சொன்ன உவமையிலேயே, ஒரு விதவை அநீதியுள்ள நியாயாதிபதியிடம் ஓயாமல் போய் நியாயம் கேட்கிறாள் (லூக்கா 18). அவள் பட்டாவுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறும் நம் ஊர் அம்மா மாதிரியே எனக்குத் தெரிகிறாள்.

வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார். "பொறுமையாகக் காத்திரு, கர்த்தர் மாற்றுவார்" என்கிறார்கள்.

அம்மா, இது காத்திருப்பு இல்லை. உங்கள் உயிரையும் பிள்ளைகளையும் முதலில் பாதுகாத்துக்கொள்ளுங்கள். சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடினான். வீட்டைச் சுற்றி ஆள் வைத்தபோது மனைவி மீகாள் அவனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள் (1 சாமுவேல் 19). கர்த்தர் அபிஷேகம் பண்ணினவன்தான், வாக்குப் பெற்றவன்தான். ஆனாலும் ஈட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை.

181 பெண்கள் உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. நீங்கள் இருக்கும் வீட்டிலேயே இருக்க உரிமையும், பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். அவர் மனந்திரும்ப ஜெபிப்பதை அம்மா வீட்டிலிருந்தும் செய்யலாம். குடியை விட அவருக்குச் சிகிச்சையும் தேவைப்படும். உங்களை அங்கேயே இருக்கச் சொல்கிறவர்களில் ஒருவர்கூட ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் வீட்டில் இருக்கப் போவதில்லை.

பொறுமை இழந்து நாமே ஏதாவது செய்துவிட்டால்? எது அவசரம், எது முயற்சி என்று எப்படித் தெரியும்?

மோசே மலையில் நாற்பது நாள் இருந்ததில் ஜனங்களுக்குக் கும்பிட ஒரு பொன் கன்றுக்குட்டி தேவைப்பட்டது. சவுல் கில்காலில் ஏழு நாள் சாமுவேலுக்காகக் காத்திருந்தான். ஜனங்கள் சிதறுவதைப் பார்த்துத் தானே பலியிட்டான். பலியிட்டு முடிக்கிற நேரத்தில் சாமுவேல் வந்து நின்றார்.

தாவீதைப் பாருங்கள். ஏறக்குறைய நானூறு பேரைச் சேர்த்துக்கொண்டான், இடம் மாறினான், பெற்றோரை மோவாபில் பத்திரமாக வைத்தான். எவ்வளவோ செய்தான். ஆனால் எங்கேதிக் குகையில் சவுல் தனியாகக் கையில் சிக்கியபோது, "கர்த்தர் கொடுத்த நாள் இதுதான்" என்று கூட இருந்தவர்கள் சொல்லியும், சால்வையின் தொங்கலை அறுத்ததோடு நிறுத்திக்கொண்டான். உழைப்பு, தேடல், கேட்பது, இடம் மாறுவது எல்லாம் திறந்த வழி. பொய், லஞ்சம், ஒருவரை வஞ்சிப்பது, கந்துவட்டிக்கு வாங்கிப் பிள்ளையை ஏஜென்டு கையில் கொடுப்பது, இவற்றில் போய்தான் வாக்கு நிறைவேற வேண்டும் என்றால் அது கர்த்தர் காட்டிய வாசல் இல்லை.

கர்த்தரிடம் கோபப்படலாமா? அழுதால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமா?

சங்கீதம் 13 ஆரம்பமே "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்பதுதான். முதல் இரண்டு வசனத்தில் நாலு தடவை "எதுவரைக்கும்" வருகிறது. இது ஆராதனையில் பாடக் கொடுக்கப்பட்ட பாட்டு. சங்கீதம் 88 கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது. "ஆனாலும் துதிப்பேன்" என்ற திருப்பம்கூட அதில் இல்லை. அதையும் கர்த்தர் தம் புத்தகத்தில் வைத்திருக்கிறார். "நெடுங்காலமாய்க் காத்திருக்குதல் இருதயத்தை இளைக்கப்பண்ணும்" என்று நீதிமொழிகள் 13:12 ஒத்துக்கொள்கிறது. இளைத்த இருதயத்தைப் பார்த்து "ஸ்தோத்திரம் சொல்லுங்க, சிரிங்க" என்று சொல்ல நாம் யார்?

தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது வெறும் சோர்வு இல்லை. அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, டாக்டரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்தும் பேசலாம்.

கேட்டது கிடைக்காமலே போய்விட்டால்? எங்கள் அப்பா சுகத்துக்காக ஜெபித்துக்கொண்டே இறந்துபோனார்.

இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வராது.

லாசரு வியாதியாயிருக்கிறான் என்று மார்த்தாளும் மரியாளும் இயேசுவுக்கு ஆள் அனுப்பினார்கள். இயேசு அவர்களிடத்தில் அன்பாயிருந்தார் என்று எழுதிவிட்டு, அடுத்த வசனத்திலேயே, அவர் இருந்த இடத்தில் இன்னும் இரண்டு நாள் தங்கினார் என்று யோவான் எழுதுகிறார். போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் வைத்து நாலு நாள். "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று இரண்டு சகோதரிகளும் தனித்தனியாக, அதே வார்த்தையைச் சொல்கிறார்கள். அந்த நாலு நாளும் அக்காவும் தங்கையும் வீட்டுக்குள் அதைத்தான் மாறி மாறிச் சொல்லியிருப்பார்கள் போல. அவர் அவர்களைக் கண்டிக்கவில்லை. சில நிமிடத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர், அதற்கு முன்னால் அழுதார். உங்கள் அப்பாவின் கட்டிலருகே நீங்கள் அழுதபோதும் அவர் இப்படித்தான் இருந்தார் என்று நான் நம்புகிறேன்.

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்பது கிடைத்தது. மோசே நேபோ மலையிலிருந்து கானானைப் பார்த்தார், உள்ளே போகவில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே பாடுகளின் பாத்திரம் நீங்க வேண்டும் என்று கேட்டார், நீங்கவில்லை. ஜெபம் பலிக்காததற்கு விசுவாசக் குறைவுதான் காரணம் என்றால் இந்தத் தோட்டத்தில் நடந்ததை என்னவென்று சொல்வது?

எபிரெயர் 11-ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, நம்பி, மரித்தார்கள் என்கிறது. கிறிஸ்தவக் காத்திருப்பு கடைசியில் கர்த்தர் திரும்பி வருவதற்கும், மரித்தவர்கள் எழுந்திருப்பதற்கும், கண்ணீர் துடைக்கப்படுவதற்கும்தான். வேலை, வீடு, சுகம் எல்லாம் வழியில் கிடைப்பவை. உங்கள் அப்பா சுகத்துக்காகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு உயிர்த்தெழுதலில் முழுப் பதில் உண்டு என்பது நம் விசுவாசம். அதை நான் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை.

லண்டன் மிஷன் சங்கத்தின் மிஷனெரி ஆடிஸ் ஐயர் கோயம்புத்தூருக்கு வந்தது 1830-இல். அப்போது அவர் கண்ணுக்குத் தெரிந்தது சில பேர் கொண்ட சிறு கூட்டம்தான். கோவைத் திருமண்டலம் என்று ஒன்று வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வழியில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஈரோட்டில் பிரப் ஆலயத்து முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை. பார்க்காமலே போன ஒருவரின் காத்திருப்பில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அது வருகையின் காலம். முதல் வருகையை நினைத்து, இரண்டாம் வருகைக்குக் காத்திருக்கச் சபை பழகும் நாலு வாரம். கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பார்கள். நட்சத்திரம் கட்டுவதும் கேரல் ரவுண்ட்ஸும் கேக் ஆர்டரும் நடக்கட்டும். கூடவே லூக்கா 2-இல் சிமியோனையும், ஏறக்குறைய 84 வயதுள்ள விதவையாய்த் தேவாலயத்தை விட்டு நீங்காத அன்னாள் என்ற தீர்க்கதரிசியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பர், சாஸ்திரிகள் இருப்பார்கள், இந்த இரண்டு பெரியவர்களுக்கும் வேஷமே இருக்காது. சேர்க்கலாம்.

காத்திருக்கிறவர்கள் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனால் என்ன பேசுவது?

கொஞ்சமாகப் பேசுங்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் அதுதான் நல்லது. வாயைத் திறந்த பிறகு எல்லாம் கெட்டது. "எங்க பெரியம்மா மகளுக்கும் இதே வியாதிதான், ஒரே ஜெபத்தில் சுகமாச்சு" என்ற சாட்சியை ஐசியூ வாசலில் சொல்லாதீர்கள். அதற்கு வேறு நாள் இருக்கிறது. அரிசிம்பருப்புச் சாதம் ஒரு தூக்குப்போசியில் கொண்டுபோங்கள், தயிரும் கூட. ராத்திரி தங்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுக் கூட்டி வருவதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஜெபம் இரண்டு நிமிடம் போதும். அடுத்த வாரமும் போங்கள். முதல் வாரம் எல்லோரும் வருவார்கள், ஆறாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள்.

தனியாக வாசிக்க எந்தப் பகுதிகள்?

சங்கீதம் 13, 27, 40, 62, 130. ஐந்தும் சின்னதுதான், ஒரு நாளைக்கு ஒன்று, வாய்விட்டு. 130-இல் விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரர் வருகிறார்கள். மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் அதை ஷிப்ட் முடியும் நேரத்தில் வாசித்துப் பாருங்கள். புலம்பல் மூன்றாம் அதிகாரம் முழுவதும், 26-ஆம் வசனத்தை மட்டும் எடுக்காமல். ஆபகூக் மொத்தமே மூன்று அதிகாரம். கேள்வியில் ஆரம்பித்து, அத்திமரம் துளிர்விடாத தோட்டத்தில் நின்று பாடுவதில் முடியும். கண் மங்கிய பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் வாசித்துக் காட்டலாம். போனில் ஒலி வேதாகமம் போட்டுக் கொடுப்பதைவிட, வீட்டுப் பிள்ளையின் குரலில் கேட்பதைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள்.